நார்மல்னு சொன்ன ரிப்போர்ட்

ஒல்லியான 80 வயசுப் பாட்டி. கிரியேட்டினின் 1.0. 'நார்மல்'னு நம்பி அமிகாசின் முழு டோஸ் போட்டேன். பாட்டிக்குக் காது மந்தமாகிடுச்சு. தசை வற்றின உடம்புல அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

வானத்திலும் இதே சிக்கல்தாங்க. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா சுழலும் வேகத்தை அளந்தாங்க. மையத்தை விட்டு விலக விலக வேகம் குறையணும். எதிர்பார்த்தபடி குறையலை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்குதுன்னாங்க பலர். 1983-ல் மில்க்ரோம் மாத்தி யோசிச்சார்: ஈர்ப்பு மிக மிக பலவீனமான இடத்தில் நியூட்டன் கணக்கே மாறுதோ?

அவர் கணக்கு பல கேலக்ஸிகளின் சுழற்சிக்கு அழகா பொருந்துது. ஆனா கேலக்ஸிக் கூட்டங்களில் இடறுது. அங்கே அவர் விதிக்கும் கண்ணுக்குத் தெரியாத பொருள் தேவைப்படுது. அதனால பெரும்பாலான விஞ்ஞானிகள் இன்னும் கரும்பொருள் பக்கம்தான்.

யுரேனஸ் பாதை தடுமாறினப்போ ஒளிஞ்சிருந்தது நெப்டியூன். புதன் தடுமாறினப்போ மாறவேண்டியிருந்தது விதி. 1915-ல் ஐன்ஸ்டைன் மாத்தினார். ரெண்டுமே நடந்திருக்கு.

நீங்களும் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி மருந்து கேட்காதீங்க. ஆளைக் கூட்டிட்டு வாங்க. நான் இப்பல்லாம் முதல்ல ஆளைத்தான் பார்க்கிறேன்.