கழுகுகள் வராத கழுகுக்குன்றம்

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் பாதி தூரம் வந்ததும் வலப்பக்கமோ இடப்பக்கமோ பார்க்கத் தேவையில்லை. எங்கிருந்து பார்த்தாலும் அந்த மலை தெரியும். உச்சியில் ஒரு கோயில், அடிவாரத்தில் நான்கு கோபுரங்களோடு இன்னொரு கோயில், அதைச் சுற்றிக் கடைவீதிகள். அதுதான் திருக்கழுக்குன்றம். 'பட்சி தீர்த்தம்' என்றால் வடநாட்டு யாத்ரிகர்களுக்கும் தெரியும்.

ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. ஆனால், ஒரு தலைமுறைக்கும் மேலாக இங்கே கழுகு வருவதில்லை. படியேறி மேலே வரும் குழந்தைகள், 'கழுகு எங்கே?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாட்டி, தாத்தாக்கள் 'நாங்கள் பார்த்திருக்கிறோம்' என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

வேதங்களே மலையாக...

இந்த மலைக்கு வேதகிரி என்று பெயர். நான்கு வேதங்களும் நான்கு பாறைகளாக நிற்க, அவற்றின் உச்சியில் ஈசன் சுயம்புவாக எழுந்தருளியிருப்பதாக ஐதிகம். மலைமேல் வேதகிரீஸ்வரர், சொக்கநாயகி. தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி.

மலையே வேதம் என்பதால் இதன்மீது கால் வைக்கத் தயங்கி, திருஞானசம்பந்தர் மலையை வலம் வந்தே வழிபட்டதாகச் சொல்வார்கள். அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரும் பாடிய தலம் இது. நால்வருக்கும் இங்கே தனிக்கோயில் இருக்கிறது. பௌர்ணமி தோறும் இன்றைக்கும் ஏராளமானோர் கிரிவலம் வருகிறார்கள்.

மேலே செல்ல ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவதற்குத் தனி வழி. அந்த வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. ஒரே பாறையைக் குடைந்து செய்த அதன் தூண்களில், 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள் அவர்கள்.

நண்பகல் விருந்தாளிகள்

1990-களின் பிற்பகுதி வரை இந்த மலையில் தினமும் ஒரு காட்சி நடந்தது. உச்சிவேளை நெருங்கும்போது, இந்தப் பணியைப் பரம்பரையாகச் செய்துவந்த தேசிகர், சர்க்கரைப் பொங்கல் நிறைந்த பாத்திரத்தோடு மலையில் உள்ள ஒரு பாறைக்கு வருவார். கூட்டம் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அவர் காத்திருப்பார். எல்லோரும் காத்திருப்பார்கள்.

சில நாட்களில் சீக்கிரம், சில நாட்களில் தாமதமாக, வானத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வட்டமிட்டு இறங்கி, மெல்ல நடந்து வந்து, தேசிகர் கொடுப்பதை உண்டு, மறுபடி பறந்துவிடும். மீதியைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டு ஜனங்கள் இறங்குவார்கள். பறவைகள் வராத நாளில் பலருக்கு முகம் வாடிவிடும்.

அவை காலையில் காசியில் நீராடி, நண்பகலில் இங்கே உணவருந்தி, மாலையில் ராமேஸ்வரத்தில் வழிபட்டு, இரவில் சிதம்பரத்தில் அடைவதாக நம்பிக்கை. யுகத்துக்கு இருவராக எட்டு முனிவர்கள் சாபத்தால் கழுகுகளாகி இங்கே பூஜித்தார்கள் என்கிறது தலபுராணம். திரேதா யுகத்துக்கு உரியவர்கள் சம்பாதியும் ஜடாயுவும்.

கலியுகத்துக்கு உரிய இருவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அண்ணனும் தம்பியுமான அவர்களுக்குள், சிவம் பெரிதா, சக்தி பெரிதா என்று வாதம் வந்துவிட்டது. ஈசனே வந்து, 'இரண்டும் சமம்' என்று சொல்லியும் இருவரும் இறங்கி வரவில்லை. அதனால்தான் கழுகாகப் பிறந்தார்களாம். பிறந்த பிறகோ, ஒரே பாறையில் இறங்கி, ஒரே பாத்திரத்தில் உண்டு, சேர்ந்தே பறந்தார்கள். மனிதர்களாக இருந்தபோது வராத பாடம் பறவைகளானதும் வந்தது. வீட்டுக்குள் 'நான் சொன்னதுதான் சரி' என்று மல்லுக்கு நிற்கிற எல்லோருக்குமான கதை இது.

மஞ்சள் முகத்தின் ரகசியம்

இங்கு வந்த பறவையைப் பறவையியலாளர்கள் மஞ்சள்முகப் பாறு என்கிறார்கள். உடல் வெள்ளை, சிறகின் ஓரம் கறுப்பு, முகம் மட்டும் பளீரென்ற மஞ்சள். குஞ்சாக இருக்கும்போது பழுப்பாக இருந்து, சில ஆண்டுகளில்தான் வெள்ளை நிறம் பெறும். பாறை இடுக்குகளில் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் இணை பிரியாமல் வாழ்ந்து, முறை வைத்து அடைகாக்கும். எனவே இரண்டு பறவைகள் ஒன்றாக வந்துபோனது அவற்றின் இயல்புக்கும் பொருந்துகிறது.

இந்தியாவில் உள்ள இதன் துணையினத்துக்கு அறிவியல் உலகம் வைத்த பெயர் 'ஜிஞ்ஜினியானஸ்'. நம் செஞ்சியின் பெயர்தான் அது! செஞ்சிப் பகுதியில் பார்த்த பறவையைப் பற்றிய குறிப்பைக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பெயர் வந்தது.

அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது? பசுஞ்சாணத்தில் இருந்து! ஸ்பெயினில் ஆய்வு செய்த விஞ்ஞானிகள் இதை 2002-ல் கண்டறிந்தார்கள். மாட்டுச் சாணத்தில் உள்ள நிறமிகளுக்காகவே இந்தப் பறவை சாணத்தைத் தின்கிறது. அதுதான் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறது. செத்ததையும் கழிவையும் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் பறவை அது. அதையே முனிவராக நினைத்துப் பொங்கல் படைத்து, அது உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டார்கள் நம் முன்னோர். எந்த உயிரையும் தொழிலை வைத்துத் தாழ்வாக எண்ணாதே என்பதை, வாயால் சொல்லாமல் தினமும் செய்து காட்டினார்கள்.

இராமாயணத்திலும் அப்படித்தான். சீதைக்காகப் போராடி விழுந்த ஜடாயுவுக்கு, ஒரு மகன் செய்வதுபோல இறுதிக் கடன் செய்தவர் ராமபிரான். அது நடந்த இடமாகக் காஞ்சிபுரம் அருகே உள்ள திருப்புட்குழியைச் சொல்கிறார்கள்.

வானம் வெறிச்சோடியது

தேசிகர் காத்திருந்தும் பறவைகள் வராத நாட்கள் கூடிக்கொண்டே போயின. பிறகு அவை வரவே இல்லை. 'கலி முற்றிவிட்டது' என்றார்கள் சிலர். 'நம் பாவம்' என்றார்கள் சிலர்.

அதே 1990-களில் இந்தியா முழுவதுமே கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தன. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறு, பதினைந்தே ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைந்தது. 2007-ல் அது அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது.

காரணம் 2004-ல் வெளியானது. மாடுகளுக்கு வலியும் காய்ச்சலும் தீரப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து. ஊசி போட்ட மாடு சில நாட்களில் இறந்துவிட்டால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களில் மரணம். ஒரு பிணத்தை ஒரு கூட்டமே சேர்ந்து தின்னும் என்பதால் கூட்டமே மடியும். ஆண்டுக்கு ஓரிரு முட்டைகள் மட்டும் இடும் பறவைகள், இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

கழுகுகள் போனதும் செத்த மாடுகள் வெட்டவெளியில் கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின. பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 'பாவம்' என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்ன வார்த்தையை அத்தனை லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை.

வாழையும் சங்கும்

கழுகுகள் இல்லை என்றாலும் இந்தத் தலம் சொல்லித்தரும் பாடங்கள் தீரவில்லை. இங்கே தலவிருட்சம் வாழை. கதலிவனம் என்றும் இவ்வூருக்குப் பெயர் உண்டு. பெரிய மரங்கள் எத்தனையோ இருக்க, நம் வீட்டுக் கொல்லையில் வளரும் வாழைக்கு அந்தப் பெருமை. வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். அத்தோடு அதன் வாழ்வு முடிகிறது. ஆனால் முடிவதற்கு முன்பே பக்கத்தில் கன்று விட்டிருக்கும். இலை, பூ, காய், பழம், தண்டு, நார் என்று எல்லாவற்றையும் கொடுத்து, அடுத்த தலைமுறையையும் நிறுத்திவிட்டுத்தான் சாய்கிறது. திருமண வாசலில் குலை வாழை கட்டி, 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துவதன் பொருள் இதுதான்.

ஊருக்குள் இருக்கும் சங்கு தீர்த்தக் குளம் இன்னோர் அதிசயம். கடலில் பிறக்க வேண்டிய சங்கு, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த நன்னீர்க் குளத்தில் தோன்றுகிறது. இங்கு வந்த மார்க்கண்டேயர், அபிஷேகம் செய்யப் பாத்திரம் இல்லாமல் வேண்டி நிற்க, குளத்தில் இருந்து சங்கு வந்ததாம். அப்படிக் கிடைத்த சங்குகளைத் தாழக்கோயிலில் பாதுகாக்கிறார்கள். கார்த்திகை மாதக் கடைசி சோமவாரத்தில் மலைமேல் 1008 சங்காபிஷேகம் நடக்கும். குரு பகவான் கன்னி ராசிக்கு வரும்போது இந்தக் குளத்தில் புஷ்கர மேளாவும் லட்சதீபமும் நடைபெறும். கடைசியாக 2016-ல் நடந்தது.

தாழக்கோயிலில் திரிபுரசுந்தரி அம்மனுக்கு ஆண்டில் மூன்று நாட்கள்தான் முழு அபிஷேகம். ஆடிப்பூரம், நவராத்திரி நவமி, பங்குனி உத்திரம். மற்ற நாட்களில் பாதத்துக்கு மட்டுமே. சங்குக்கு 12 வருடம், அம்மன் அபிஷேகத்துக்கு மாதக்கணக்கு, கழுகுக்கு நண்பகல் வரை. இந்த ஊரில் பக்தி என்பதே காத்திருப்பதுதான்.

காத்திருந்தால் மட்டும் போதுமா?

சோறு வடித்ததும் காக்கைக்கு ஒரு கவளம், வாசலில் எறும்புக்கு அரிசிமாக் கோலம், அமாவாசையில் பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை. நம் வீடுகளில் நடக்கும் இந்தச் சின்னச் சின்ன வழக்கங்கள், திருக்கழுக்குன்றத்துப் பாறையில் நடந்த விருந்தின் வீட்டுப் பதிப்புகள்தான். உலகத்தில் நமக்கு மட்டும் இலை போடவில்லை என்ற நினைப்பே அதன் சாரம்.

ஆனால், பசுவுக்குக் கீரை கொடுத்துக் கும்பிட்ட அதே தேசத்தில்தான், பசுவுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்றது. பசுவின் சாணம் அந்தப் பறவையின் முகத்துக்கு அழகு தந்தது. பசுவின் உடலில் தங்கிய மருந்து உயிரைப் பறித்தது. ஓர் உயிரை மட்டும் தனியாகப் போற்றிவிட முடியாது. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைப் போய்ச் சேர்கிறது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவதை மத்திய அரசு 2006-ல் தடை செய்தது. கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகள் 2023-ல் தடைசெய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து கிடைக்கிறது. மாடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம். மனிதர்களுக்கான மருந்தை மாட்டுக்குப் போடாமல் இருக்கலாம். அகத்திக்கீரை கொடுக்கிற புண்ணியத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை. நீலகிரியின் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பகுதிகளில் பாறுகள் இன்னமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தமிழகத்தின் வானம் முழுக்க வெறுமையாகிவிடவில்லை.

எப்படிச் செல்வது?

சென்னையில் இருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் சேரலாம். மாமல்லபுரத்தில் இருந்தும் சுமார் 15 கிலோமீட்டர்தான். மலைக்கோயில் மதியம் நடை சாத்தி, மாலையில் மீண்டும் திறக்கும். வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. படிகளில் குரங்குகள் உண்டு. கையில் இருக்கும் பைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். சித்திரைத் திருவிழா நாட்களில் ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்கள், கழுகுகளுக்கு உணவு வைத்த பாறையை அவர்களுக்குக் காட்டலாம். 'கழுகு எங்கே?' என்று அவர்கள் கேட்டால், புராணக் கதையோடு நிறுத்தாமல் ஊசியின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். நாளை மாட்டு வைத்தியம் பார்க்கப் போகிற பிள்ளை அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும்.