நூலைக் கொளுத்திப் பார்!

சென்னிமலைக்குப் போனால் முருகனைப் பார்த்த கையோடு பெட்ஷீட்டும் பார்ப்பது என் மனைவியின் சம்பிரதாயம். "பாலியெஸ்டரே ஆகாது. சுத்தமான காட்டன்தான் வேணும்!" என்று கடைக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மனிதர் அசரவில்லை. இரண்டு நூலை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். ஒன்று காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டதும் உதிரும் சாம்பலாயிற்று. மற்றது உருகிச் சுருண்டு, கடுகு போல் கெட்டியாக நின்றது.

"இதானுங்கக்கா பாலியெஸ்டர். அடுப்படியில தீப்பட்டா இப்படி உருகித் தோல்ல ஒட்டிக்கும்."

"அப்போ காட்டன் பயமில்லை?"

"அதும் குபீர்னு பத்திக்குமுங்க! ரெண்டுக்கும் சாக்கிரதை வேணும்."

என் பி.காம். மூளை உடனே பேரேட்டைப் பிரித்தது. பாலியெஸ்டர்: பெட்ரோலியத்தில் பிறந்தது, லேசில் மக்காது, துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். பற்று! பருத்தி: செடியில் விளைந்தது, மக்கிவிடும். வரவு! கணக்கு முடிந்தது என்று சிவப்பில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பக்கத்தில்தானே ஒரத்துப்பாளையம் அணை என்று ஸ்கூட்டரைத் திருப்பியதுதான் வினை. பாசனத்துக்காக நொய்யல் குறுக்கே 1992-ல் கட்டிய அணை. வந்து நிரம்பியதோ, மேலே திருப்பூரின் சாயக்கழிவு.

"தண்ணி வேணும்னு கட்டின அணைங்க தம்பி. கடைசியில, இந்தத் தண்ணியே வேண்டாம்னு நாங்களே சொல்லும்படி ஆயிப்போச்சு" என்றார் கரையில் ஆடு மேய்த்த பெரியவர்.

"பாலியெஸ்டர் சாயமாங்க?"

"பனியன் துணிங்க. பருத்தி!"

எனக்குச் சுருக்கென்றது. பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் நூலில் தங்கும். உப்பு தங்காது, தண்ணீரோடு வெளியேறிவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் விடாமல், சுத்திகரித்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்கிற ஏற்பாட்டோடுதான் மறுபடி ஓடவேண்டும் என்றாயிற்று. ஆனால், நிலத்தில் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவைக் கேட்டா வெளியேறும்?

ஆக, பருத்திப் பக்கத்திலும் ஒரு பற்று எழுத வேண்டியதாயிற்று. குற்றம் செடியுடையது அல்ல. நாம் கேட்கிற நிறத்துடையது.

திரும்பும்போது பின் சீட்டில் சத்தமே இல்லை. ஈரோடு நெருங்குகையில் கேட்டாள்:

"ஏங்க, இந்தச் சிவப்போட சாயத் தண்ணி எங்கே போயிருக்கும்?"

பில்லை எடுத்துப் பார்த்தேன். விலை இருந்தது, 'பியூர் காட்டன்' என்று இருந்தது. அது மட்டும் இல்லை.