மரித்த கழகமும் அதன் பெயரும்



ஒரு ஸ்தாபனம் மடிந்துபோனால் அதன் பெயரைச் சுமக்கும் உரிமை யாருக்கு? கட்டடத்தை வாங்கியவருக்கா, அதற்காக அழுதவருக்கா? ஊழியத்தில் பல ஆண்டுகளாக இக்கேள்வியை வெவ்வேறு ரூபங்களில் நான் கேட்டதுண்டு. பிரிந்துபோன சபைகளில் சாவிக்கொத்து ஒரு தரப்பாரிடமும் ஞாபகங்கள் மறு தரப்பாரிடமும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இக்கேள்வி இவ்வளவு வெளிப்படையாய் நிற்பதைக் கண்டது ஸ்பெயின் தேசத்துக் கால்பந்துக் கழகம் ஒன்றின் சரித்திரத்தில்தான். விளையாட்டைப்பற்றிப் போதகர் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றே பொறுத்தருள்க.

பழமையான பல்கலைக்கழகத்தால் பேர்பெற்ற சலமாங்கா நகரில், 1923-ம் ஆண்டு ‘யூனியன் டெபோர்ட்டிவா சலமாங்கா’ என்னும் கழகம் தோன்றியது. ஐம்பது ஆண்டுகள் சிறிய கழகமாகவே அது இருந்தது. 1970-ல் நகருக்குச் சற்று வெளியே எல்மாந்திக்கோ என்னும் மைதானத்தைக் கட்டினார்கள். நகரத்தின் பூர்வகாலப் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. 1974-ல் முதன்முறையாக உயர்ந்த பிரிவிற்கு ஏறி, ஏழு ஆண்டுகள் அங்கேயே நிலைத்து நின்றார்கள். மொத்தம் பன்னிரண்டு பருவங்கள் பெரியவர்களோடு விளையாடினார்கள்.

அவர்களுடைய மகிமையான நாட்களில் இரண்டைமட்டும் சொல்லுகிறேன். 1995-ல் மேற்பிரிவிற்கு ஏறுவதற்கான போட்டியில், அல்பசேத்தே அணியிடம் சொந்த மைதானத்திலேயே 0–2 என்று தோற்றார்கள். அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். மறு ஆட்டத்தில் எதிராளியின் மைதானத்திற்குச் சென்று, கூடுதல் நேரம்வரை போராடி, 5–0 என்று வென்றார்கள்! அப்பொழுது அவர்களுடைய பயிற்சியாளரான ஹுவான்மா லியோ முப்பது வயதையும் எட்டாத இளைஞர். அடுத்தது 1997–98 பருவம். அவ்வாண்டு பட்டம் வென்றது பார்சலோனா. அந்தப் பார்சலோனாவைச் சலமாங்கா தன் மண்ணில் 4–3 என்றும், அவர்களுடைய மைதானத்திலேயே 4–1 என்றும் தோற்கடித்தது.

வீழ்ச்சியோ மெதுவாக வந்தது. 1990-ல் இயற்றப்பட்ட விளையாட்டுச் சட்டத்தின் விளைவாக ஸ்பெயினின் தொழில்முறைக் கழகங்களில் நான்கைத் தவிர மற்றவை பங்கு நிறுவனங்களாக மாறவேண்டியதாயிற்று. கழகம் உறுப்பினர்களின் கையிலிருந்து பங்குதாரரின் கைக்குச் சென்றது. கடனை ஒழுங்குபடுத்தவே அச்சட்டம் வந்தது. ஆனால் கடன் ஒழியவில்லை. 2011-ல் சலமாங்கா மூன்றாம் நிலைப் பிரிவிற்கு இறங்கியது. 2 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட கடன் கழுத்தை நெரிக்க, 2013-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், தொண்ணூறு வயதில், கழகம் கலைக்கப்பட்டது.

இதற்குப்பின் நடந்ததே என்னைச் சிந்திக்கச் செய்தது. ஒரே மரணத்திலிருந்து இரண்டு வாரிசுகள் எழும்பினார்கள். ஒரு கழகம் பழைய எல்மாந்திக்கோவில் விளையாடி, பழைய பெயரோடும் அடையாளங்களோடும் தன்னை இணைத்துக்கொண்டது. மற்றொன்று ரசிகர்களே சேர்ந்து தொடங்கிய ‘யூனியனிஸ்தாஸ்’. பழைய ரசிகர்களை அழைத்த பெயரே புதிய கழகத்தின் பெயராயிற்று. ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அவர்களுடைய சட்டம். 2010-ல் ஸ்பெயினுக்கு உலகக்கோப்பையைப் பெற்றுத்தந்த பயிற்சியாளரும் சலமாங்காவின் மைந்தருமான விசென்டே டெல் போஸ்கேயும் அதன் உறுப்பினர். நாங்கள் அந்தப் பழைய கழகம் அல்ல, அது மரித்துவிட்டது, அதன் நினைவைக் கனம்பண்ணவே வந்தோம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு.

என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. மரித்ததை மரித்தது என்று சொல்லத் துணிவு வேண்டும். வெற்றிகளைமட்டும் சுதந்தரித்துக்கொண்டு கடனைக் கல்லறையில் விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் தகப்பனோடு அமர்ந்த அதே இருக்கையில் அமர விரும்பி எல்மாந்திக்கோவிற்கே தொடர்ந்து சென்றவரைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை. சிமெண்டும் கல்லும்தானே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அந்தக் கல்லின்மேல் ஐம்பது வருடம் அமர்ந்திராதவர்கள் நாம்.

யூனியனிஸ்தாஸ் 2014-ல் ஆறாம் நிலையில், மாகாணப் பிரிவில் தொடங்கினார்கள். எல்மாந்திக்கோவின் பக்கத்திலேயே இருந்த தடகளத் திடல்தான் அவர்களுக்கு வீடாயிற்று. பழைய மைதானம் கண்ணெதிரே நிற்க, ஓட்டப்பாதை சூழ்ந்த புல்வெளியில் விளையாடினார்கள். நான்கே ஆண்டுகளில் மூன்றாம் நிலையை எட்டினார்கள். 2020 ஜனவரியில் அரசர் கோப்பைப் போட்டிக்காக ரியல் மாட்ரிட் அந்தச் சிறிய திடலுக்கே வந்தது. ஆல்வரோ ரொமேரோ என்பவர் சமன் செய்த கோல், தோல்வியுற்ற ஆட்டத்திலும் அவர்களுக்கு ஆனந்தமாயிற்று. முடிவு 1–3. பின்பு ரெய்னா சோபியா மைதானத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். 2024 ஜனவரியில் வியாரியலைப் பெனால்டியில் வென்று, அதே மாதத்தில் பார்சலோனாவை எதிர்கொண்டு முதல் கோலையும் தாங்களே அடித்துப் பின்பு தோற்றார்கள்.

இரு வாரிசுகளும் 2018-ல் ஒரே பிரிவில் வந்து சேர்ந்தபோது, ஒருவரையொருவர் எதிர்த்து விளையாடவேண்டியதாயிற்று. பார்சலோனாவை வென்ற நாளில் ஒரே அணிக்காக ஆர்ப்பரித்த ஜனங்கள், அன்று எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்திருந்தார்கள்.