அப்பா வண்டியும் பல்சர் ஷாக்கும்

கீரனூர் பக்கத்துக் கிராமத்துப் பையன் அவன். அப்பா விட்டுப்போன யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பின்பக்கம் கடகடவென்று சத்தம். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, அசல் பாகம் லேசில் கிடைக்காது. பல்சர் 150-இன் கேஸ் ஷாக்கை வாங்கி மாட்டினான். பார்க்க ஜோர்தான். போல்ட் பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடுமா?

ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும்; உள்ளே இருக்கும் ஆயில் துள்ளலை அடக்கும். கேஸ் என்பது நைட்ரஜன். ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, மெத்தையாக இருப்பதல்ல. ஆர்எக்ஸ் சுமார் 100 கிலோ; பல்சர் அதைவிட ஏறக்குறைய 40 கிலோ கூடுதல். கனத்த வண்டிக்கான ஸ்பிரிங் லேசான வண்டியில் சரியாக அமுங்காது. நீளம் கூடினால் அது வேறு வம்பு: பின்பக்கம் தூக்கும், செயின் தொய்வு மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும்.

அவனுக்கு வளைவில் 'கிண்'ணென்று இருந்தது. இடுப்பு வலிக்காகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா, பாதி வழியில் இறங்கி, "நீ போ தம்பி, நான் பஸ்ல வந்துர்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய ஷாக்கை எடுத்துப் பார்த்தான். தேய்ந்திருந்தது ரப்பர் புஷ் மட்டும். அதை மாற்றி, பழையதையே திரும்ப மாட்டினான்.

அடுத்த முறை அம்மா பஸ்ஸைத் தேடவில்லை.