ரொட்டும் டியூப் லைட்டும்

மஃரிப் தொழுகை முடிந்துவிட்டது. ஓட்டமாவடி பிரதான வீதியில், பாதியில் விட்ட கேட்டுக்கு வெல்டிங்காரர் மறுபடி ரொட் பிடிக்கிறார். ரொட்டின் அடியில் 6013 என்று அச்சிட்டிருக்கிறது. பற்றவைக்கும்போதெல்லாம் எதிர் மதில் நீலமாகி அணைகிறது. சைக்கிளை நிறுத்திய பையன் பழைய சீடி ஒன்றை நெருப்புக்கு நேரே நீட்டுகிறான்.

"மனே, கண் பழுதாப் போயிரும். அங்கால போ!"

ரொட்டின் மேற்பூச்சில் பொற்றாசியம் இருக்கிறது. அது இலேசில் இலத்திரனை விட்டுக்கொடுக்கும். நெருப்பு அறுபடாமல் நிற்பது அதனால்தான். முனையில் துடிப்பது பிளாஸ்மா, அதாவது இலத்திரன் கழன்ற வாயு.

பையன் தேநீர்க்கடைக்கு நகர்கிறான். கடையெங்கும் எல்.ஈ.டி. வடைப் பெட்டிக்கு மேலே மட்டும் ஒரு பழைய டியூப் லைட் மிச்சம். எல்.ஈ.டி.க்கு சீடியைச் சரித்தால் ஒன்றோடொன்று வழிந்த நிறப்பட்டை. டியூப்புக்குத் திருப்பினால் பட்டையின் மேல் பச்சைக் கீறொன்று, ஊதாக் கீறொன்று. பச்சை 546 நனோமீற்றர், பாதரச ஆவியுடையது.

கீறு பளிச்சென்று இருப்பதால் பாதரசம் நிறைய என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பச்சையை உமிழும் சக்திமட்டத்தில் அந்நேரம் எத்தனை அணுக்கள் நிற்கின்றன என்பதையே அது காட்டும். குளத்து நீர்மட்டம்போல, வரத்தும் போக்கும் சேர்ந்த எண்ணிக்கை அது. இலத்திரன் மோதி அணுவை மேலே ஏற்றும்; இன்னொரு மோதல் கீழே தள்ளும்; இல்லையேல் அணு தானே ஒளியை உமிழ்ந்து இறங்கும். வெல்டிங் நெருப்பில் இலத்திரன்களின் நெருக்கம் அதிகம். மோதல்தான் ராஜா, அணுக்களை எண்ணும் கணக்கும் சுருங்கும். டியூப் அப்படியல்ல. உள்ளே இலத்திரன்களின் வெப்பநிலை ஏறக்குறைய 11,000 பாகை, குழாயோ கையைச் சுடாது. இத்தகைய இடங்களில் மட்டம் மட்டமாக வரவு செலவு எழுதித்தான் ஆகவேண்டும். பௌதிகவியலாளர்கள் பேட்ஸ், கிங்ஸ்டன், மக்வேர்ட்டர் மூவரும் 1962இல் ஐதரசனுக்கு எழுதிய கணக்கு இன்றும் அடிப்படை.

இல்லாத கீறும் அப்படியே ஏமாற்றும். 1962க்கும் முன்னே, சூரிய நிறமாலையில் ருபீடியக் கோடு காணவில்லை என்றார்கள். காணவில்லை என்றால் இல்லை என்று முடித்துவிடுவது சுலபம். இந்தியப் பௌதிகவியலாளர் மேகநாத சாஹா 1920இல் முடிக்கவில்லை: சூட்டில் அது இலத்திரனை இழந்திருக்கும், குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடுங்கள் என்றார். வானியலாளர் ரசல் தேடினார், கிடைத்தது.

"என்ன மனே பாக்கிறாய்?"

"பாதரசம், காக்கா."

கடைக்காரர் சீடியை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்புகிறார். "ஒண்டும் விளங்கல்ல. இதையும் நாளைக்குக் கழட்டப்போறன்."

"கழட்டினா உடைச்சிப் போடாதீங்க. எனக்குத் தாங்க."