கிராம்பு எண்ணெய்க்குப் பொறுமை கிடையாது

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பை ஒட்டிய ஒரு வீடு. பின்கட்டில், சமையலறையோடு ஒட்டு உறவில்லாத தனி அறையில் அண்ணியும் நாத்தனாருமாகச் சோப்பு போடுகிறார்கள். அடுப்பு கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்து, தம் சூட்டிலேயே சோப்பாக மாறுகிற முறை.

"கண்ணாடியப் போட்டுட்டுப் பக்கத்துல வாங்க" என்று அண்ணி எனக்கொரு கண்ணாடியை நீட்டினார். தண்ணீரில்தான் சோடாவைச் சிறுகச் சிறுகக் கொட்டுகிறார்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சற்று நேரத்தில் அந்த எவர்சில்வர் ஜக்கைத் தொட முடியவில்லை. அலுமினியப் பாத்திரம் இந்த அறைக்குள் வரவே கூடாது. சோடா அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும்.

கணக்கு நாத்தனார் பொறுப்பு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் சோடா. விளக்கெண்ணெய்க்கு 128 போதும். இப்படி ஒவ்வொன்றுக்கும் கூட்டி, வந்த தொகையில் 5 சதவீதத்தைக் கழித்துவிடுகிறார். அதனால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்; தோல் வறளாமல் இருக்க அது வேண்டும்.

ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டினார்கள். தூக்கினால் ஒழுகுகிற கோடு மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறைந்தது. இதை 'ட்ரேஸ்' என்கிறார்கள். நிறங்களைச் சுழிக்க இந்த ஆரம்பப் பதம்தான் தோது. ஒரு பங்கில் கரித்தூள், இன்னொன்றில் அவுரி. உயரத் தூக்கி ஊற்றினால் நிறம் அடிவரை இறங்குகிறது. தாழ்த்தி ஊற்றினால் மேலாகத் தங்குகிறது. வளைத்த கம்பியை அச்சுப் பெட்டியின் அடிவரை விட்டு, அண்ணி நிதானமாகச் சுழித்து உருவினார். அதில் விட்டிருந்தது லாவெண்டர் எண்ணெய். அது அவசரப்படுத்தாது.

வாசனையைக் கடைசியில் தெளிக்கிற அலங்காரமாகத்தான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். செய்கிறவர்களுக்கோ அதுதான் எஜமான். அடுத்த கலவையில் நாத்தனார் கிராம்பு எண்ணெயை விட்டார். நாலு கிண்டு கிண்டுவதற்குள் மாவு கெட்டித்துக் கரண்டி தானாக நின்றது. கிராம்பிலுள்ள யூஜினால் செய்கிற வேலை அது. "இதுல எங்கீங்க சுழிக்கறது? அள்ளி அமுக்குங்க அண்ணி" என்றார். அண்ணி கரண்டியால் அள்ளி அப்பி, உள்ளே காற்று நிற்காமலிருக்கப் பெட்டியை மேசையில் ஓங்கித் தட்டினார்.

வனிலாவின் சங்கடம் வேறு: போகப் போகச் சோப்பைப் பழுப்பாக்கும். எலுமிச்சை மணம் நிற்காது, எலுமிச்சைப்புல் ஓரளவு நிற்கும். நிறத்திலும் இதே கதைதான். பீட்ரூட் சாறு ஊற்றினால் ரோஜா நிறம் வராது, பழுப்புதான் மிஞ்சும். மஞ்சள்தூள் சோடா பட்டதும் சிவந்துவிடும். 'முழுக்க இயற்கை' என்று அட்டையில் எழுதிவிட்டுப் பளிச்சென்ற ரோஜா நிறத்தில் சோப்பு விற்பவர்களை நான் இனி கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மறுநாள் கட்டியை வெட்டி, காற்றாட அடுக்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். ஈரம் வற்றினால்தான் சோப்பு கெட்டியாகி, குளிக்கும்போது சீக்கிரம் கரையாமலிருக்கும். போட்ட காசு அதுவரை அலமாரியில் முடங்கிக் கிடக்கும். விற்பனைக்காகச் செய்வதற்கோ மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் செய்தாலும் சோப்பு அழகுசாதனப் பொருள்தான்.

சந்தையில் எது முதலில் தீரும் என்று கேட்டேன்.

"கிராம்புதானுங்க. கையில எடுத்ததும் மோந்துதான பாக்கறாங்க" என்றார் நாத்தனார்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "என்ற அவுரிக் கட்டிய முன்னாடி வெச்சுப் பாரு, அப்பறம் சொல்லு."