சோற்றில் கலக்காத மாத்திரை

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் குடிநோய் சிகிச்சை மையத்தில் கூட்டம் அதிகம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த கால்வலியோடு பெண்கள் வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "சார், அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே?"

இருக்கிறது. டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது காவல். தெரியாதவருக்கு விஷம். "அவர் சம்மதிக்காமல் தர மாட்டோம்மா" என்றால் அந்த முகங்கள் வாடிவிடும். ஆனாலும் அதைச் சொல்வதுதான் என் தொழிலின் முதல் வேலை.

அடுத்து, "ஓடிப்போகாம கட்டி வைப்பீங்களா?" என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதைப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சங்கிலி கூடாது, கட்டாய மொட்டை கூடாது, வலுக்கட்டாயமாக வேலை வாங்கக் கூடாது என்கிறது அது. ஒரு மையத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அரசுப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரியில் நர்ஸ் யார், கூப்பிட்டால் வரும் டாக்டர் யார் என்றும் கேளுங்கள்.

ராத்திரி என்று சொல்லக் காரணம் உண்டு. நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாக அலறுவார்கள். அப்போது வேண்டியது நாடித்துடிப்பைப் பார்க்கும் கை, உரிய மருந்து, குளுக்கோஸுக்கு முன்பே போடும் தயமின் ஊசி. பூட்டிய அறையில் தனியாக விட்டால் உயிரே போகலாம்.

ஆரம்ப காலத்தில் நானே தவறியிருக்கிறேன். "வயித்துக்கு ஸ்கேன்" என்று பொய் சொல்லி ஒருவரை அழைத்துவந்தது குடும்பம். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. முப்பது நாளும் சொன்னதையெல்லாம் செய்தார். வெளியே போனவர் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. அவர் திரும்பிவரும் வழியை அடைத்தது எங்கள் பொய்தான்.

இப்போது வீட்டாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, சிகிச்சைக்கு வந்தவரிடம் தனியாகப் பேசுகிறேன். என்ன மருந்து, எத்தனை நாள், எவ்வளவு செலவு, போக நினைத்தால் என்ன செய்யலாம், எல்லாவற்றையும் சொல்கிறேன். வீட்டாரோடும் தனியே உட்காருகிறேன். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை குடும்பத்தையும் குடிநோய் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது; எங்களைப் போன்றவர்களுக்கு அது பாடம்.

குடிநோய் திரும்பும் நோய். அதனால் ஒரு மையத்தின் தரத்தை, மறுபடி குடித்தவர் அதன் படியேறத் தயங்குகிறாரா என்பதை வைத்தே நான் அளக்கிறேன்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் ஒருவர் வந்தார். எட்டு மாதம் குடிக்காமல் இருந்தவர். "மூணு நாளா குடிக்கிறேன் சார்" என்றார். கூட யாரும் வரவில்லை. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். கை நடுங்கியது, கையெழுத்தை அவரே போட்டார்.